வளர்ப்புப் பிராணியும் ஓர் அமானிதமே



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் அண்மையில் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகன் படிக்கும் காலத்தில் வாங்கிய வெளிநாட்டு ஆமை தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. மகனோ வேலைக்காகத் துபாய் போய்விட்டான். "இதை ஊருணியில் விட்டுவிடலாமா?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் விடக் கூடாது என்றே சொன்னோம். காரணத்தை எல்லோரும் அறிவது நல்லது.

காதோரம் சிவப்புக் கோடுள்ள இந்த ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. கடையில் வாங்கும்போது நாணயம் அளவில்தான் இருக்கும். பிறகு 20, 30 ஆண்டுகள் வாழும். குளத்தில் விட்டால் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பக்கூடும். உலகில் மிகுந்த கேடு செய்யும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்போர் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள காட்டு முயல், ரக்கூன் போன்றவற்றை வெகுவாகக் குறைத்துவிட்டன.

ஒருவரின் ஆடுகள் இரவில் பிறர் பயிரை மேய்ந்த வழக்கில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) அளித்த தீர்ப்பை அல்குர்ஆன் (21:78, 79) கூறுகிறது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தைப் பாழாக்கியபோது, இரவில் கால்நடை செய்யும் சேதத்துக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆகவே நம் வீட்டு நாயோ பாம்போ பக்கத்து வீட்டுக் கோழியைக் கொன்றால், "அது வாயில்லா ஜீவன், அதற்கென்ன தெரியும்" என்று ஒதுங்க முடியாது. ஈடு தருவது நம் கடமை. பிராணியைக் கட்டுப்படுத்தாமல் கவனக்குறைவாக இருந்து மனிதருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

பிராணி வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அன்போடு விசாரித்தார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் அவர்களே எச்சரித்தார்கள்.

எனவே, நாம் கவனிக்க வேண்டியவை:

1. வாங்கும் முன் அதன் ஆயுள், வளரும் அளவு, தீனிச் செலவு ஆகியவற்றைக் கேட்டறியுங்கள்.

2. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்க சாம்பல் கிளி, இகுவானா, பால் பைத்தான் வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

3. கூண்டுக்குப் பூட்டுப் போடுங்கள். ஊருக்குப் போகும்போது பொறுப்பான ஆளிடம் ஒப்படையுங்கள்.

4. ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதிலிருந்து சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றலாம்.

5. வளர்க்க முடியாமல் போனால் குளத்திலோ காட்டிலோ விடாதீர்கள். வனத்துறையிடமோ அரசு கால்நடை மருத்துவரிடமோ ஆலோசனை கேளுங்கள்.

அந்தத் தாயின் வீட்டுக் கொல்லையில் இப்போது ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தீனிக்கான பணத்தை மகன் மாதாமாதம் அனுப்புகிறான். வாங்கியவன் பொறுப்பேற்றான், ஊருணியும் பிழைத்தது. நம் பொறுப்பில் உள்ள உயிர்களிடம் நீதமாக நடக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.