மொன்டானாவின் புல்வெளி யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் மொன்டானாக் கிராமவாசிகள் வனவிலங்குப் பாதுகாப்புக்காக ஒரு ஸ்தாபனம் நிலம் வாங்குவதை எதிர்ப்பது நியாயமா?

பதில்: 2001இல் தொடங்கப்பட்டு இன்று அமெரிக்கன் பிரெய்ரி எனப்படும் ஸ்தாபனம், விற்கச் சம்மதிப்பவர்களிடமே விலை கொடுத்து நிலம் வாங்கி, ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்கே போய்விட்ட பைசன் என்னும் காட்டெருமையை 2005 முதல் அங்கே மேயவிட்டு வருவது குற்றமன்று. ஆயினும், ஒரு பண்ணைக் குடும்பம் குடிபெயர்ந்தால் பள்ளியில் பிள்ளைகளும் கடையில் வியாபாரமும் குறைந்து எஞ்சியோரின் ஜீவனமே தளர்ந்துவிடும் என்று அஞ்சி, மாடு மேய்ப்பவனைக் காப்பாற்றுங்கள் என்று சாலையோரங்களில் பலகை நட்டிருப்பவர்களின் துக்கத்தை அலட்சியம் செய்வது தர்மமாகாது. நிலத்தோடு அரசாங்கப் புல்வெளியின் மேய்ச்சல் அனுமதியும் கைமாறுவதே விவகாரத்தின் வேர். ஆகையால், அண்டைப் பண்ணையாரின் மாடுகளுக்கும் குத்தகைக்கு இடம்விடும் தன் வழக்கத்தை ஸ்தாபனம் இன்னும் விஸ்தரிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.