தேயிலையின் தரமும் அதனைக் காய்ச்சும் முறையும்

தேயிலையின் தரம் தொழிற்சாலையிலேயே உண்டாகிறதென்று சிறு நிலக்காரர் எண்ணுவதுண்டு. அஃது உண்மையன்று. தொழிற்சாலை கொழுந்திலுள்ள குணத்தை வெளிப்படுத்துமேயன்றி, இல்லாத குணத்தை உண்டாக்க மாட்டாது. அவ்வாறே, உயர்ந்த தூளும் காய்ச்சும் முறை அறியாதார் கையில் கெடும். ஆகவே பறிக்கும் கை, காய்ச்சும் கை ஆகிய இரண்டுமே தேயிலையின் தரத்தைக் காப்பன.

கொழுந்து எடுத்தல்

நீலகிரி மலையில் 1835-ஆம் ஆண்டிலேயே கேத்திப் பண்ணையில் தேயிலைக் கன்றுகள் சோதனைக்காக நடப்பட்டன. மலையின் குளிரில் கொழுந்து மெதுவாக வளர்தலால் மணம் மிகுகின்றது. பனிக்காலச் சரக்கு மணத்திற்குப் பேர்பெற்றது. எனினும் எக்காலத்தும் விதி ஒன்றே: ஒரு மொட்டும் அதனையடுத்த இளம் இலை இரண்டும் மட்டுமே பறித்தற்குரியன. நிறத்தையும் சுவையையும் தரும் சத்துக்கள் இளந்தளிரில் மிகுதியாகவும், முற்றிய இலையில் குறைவாகவும் உள்ளன. முற்றிய இலை எடையைக் கூட்டும், விலையைக் குறைக்கும்.

பறித்த கொழுந்தைச் சாக்கில் திணித்து மிதித்தலும், வெயிலில் வைத்தலும் ஆகா. நசுங்கிய இலை சூடேறிச் சிவந்து, ஆலையை அடையுமுன்னரே கெட்டுவிடும். காற்றோட்டமுள்ள கூடைகளில் தளர்வாக இட்டு, அன்றைக்கே அனுப்புதல் வேண்டும்.

குந்தாவில் 1962-இல் தொடங்கியது முதல், நீலகிரியில் சிறு நிலக்காரரின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் பல ஏற்பட்டன. இத்தகைய ஆலையில் பலர் கொழுந்தும் ஒன்றாகக் கலக்கின்றது. ஒருவர் கொணரும் முற்றிய இலை, கருத்தாய்ப் பறித்த அண்டை நிலக்காரரின் சரக்கையும் தாழ்த்தும். ஆதலால் இது தனியொருவர் லாப நஷ்டம் மட்டுமன்று. ஊர் முழுவதன் வருவாயைப் பற்றியதாகும்.

பதனிடுதல்

பசுங்கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீரேயாம். அதனை முதலில் வாட்டி, பின்னர் உருட்டி, காற்றுப்படப் பரப்பி, இறுதியில் உலர்த்துவர். பரப்பி வைத்தலைப் புளிக்கவைத்தல் என்று வழங்கினும், அது தோசை மாவு புளிப்பது போன்றதன்று. நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போல, இலைச்சாறு காற்றுடன் கூடி நிறம் மாறுதலேயாம். நாலு முதல் ஐந்து கிலோ வரை கொழுந்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை கிடைக்கும்.

காய்ச்சும் முறை

ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தேயிலை போதும். புதிதாக எடுத்த நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, தேயிலையின்மேல் ஊற்றி மூடி, மூன்று முதல் ஐந்து நிமிடம் சென்றபின் வடித்திடுக. தூளையே நெடுநேரம் கொதிக்கவிடின் மணம் ஆவியாய்ப் போய்த் துவர்ப்பே எஞ்சும். பாலும் சர்க்கரையும் வேண்டுவோர் வடித்த பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். தேயிலை பிற பொருள்களின் வாசனையை எளிதில் ஏற்குமாதலின், மசாலைப் பொருள்களுக்கு அருகில் வையாது, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தல் வேண்டும்.

உடல்நலம்

தேயிலையிலுள்ள காஃபீன் சோர்வை நீக்கி ஊக்கம் தரும். எனினும் இரவில் பருகின் உறக்கத்தைக் கெடுக்கலாம். தேநீர் நோய் தீர்க்கும் மருந்தன்று, பசிக்கு உணவுமன்று. தானியம், கீரை முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதை அது குறைக்கும். ஆகையால் உணவுடன் பருகாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் நன்று. இரத்தச்சோகையுள்ளோரும் கர்ப்பிணிகளும் இதனை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாகத் தேநீர் கொடுத்தல் தகாது. 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தையும் பருகும் வழக்கம் உணவுக்குழாய்க்குத் தீங்கு தரக்கூடும். சற்று ஆறவிட்டுப் பருகுக.

கலப்படம் அறிதல்

சந்தையில் சாயமேற்றிய தூளும், ஒருமுறை பயன்படுத்திய சக்கையும் கலந்து விற்பாருண்டு. ஐயமுற்ற தூளில் ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த நீரில் நனைத்த மையொற்றுத் தாளின்மேல் தூவுக. சாயமிட்ட தூளாயின் உடனே அடர்ந்த நிறம் பரவும். நல்ல தேயிலை குளிர்நீரில் அத்துணை விரைவில் நிறம் விடாது. கிராம அலுவலர்கள் இச்சோதனையைப் பலர் அறியச் செய்து காட்டுதலும், ஐயத்துக்குரிய சரக்கை உணவுப் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவித்தலும் நலம்.

நிலக்காரர் இளங்கொழுந்தே பறித்து, அதனை நசுங்காது ஆலை சேர்ப்பாராயின், அவர்தம் சரக்கு நற்பெயர் பெறும். அப்பெயரே நல்ல விலைக்கு அடிப்படையாகும்.