மானிட்டரில் கோடு விழுந்தால் என்ன செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோளாறு வந்தாலும் "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு மானிட்டர் பழுதானபோதுதான், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லத் தெரியாவிட்டால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பது புரிந்தது. அந்த அனுபவத்தையும் அதில் கற்றுக்கொண்ட சோதனைகளையும் இங்கே தருகிறேன்.

நடந்தது என்ன?

மானிட்டர் வாங்கி 8 மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை திரையின் வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. மறுநாள் அது மூன்று கோடுகளாகிவிட்டது. வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். ஒரு பையன் வந்து பார்த்தான். "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கு சார். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்றான்.

என் மகளின் கல்லூரி ப்ராஜக்ட் முழுவதும் டெஸ்க்டாப்பில் இருந்தது. அதைச் சமர்ப்பிக்க நான்கே நாட்கள் இருந்தன. டெஸ்க்டாப்பில் நாம் வைக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். சி டிரைவை ஃபார்மட் செய்தால் அவையும் போய்விடும். "அப்பா, என் ப்ராஜக்ட் என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள். பையனை மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, பழுது எங்கே என்று நானே பார்க்க உட்கார்ந்தேன்.

பழுது மானிட்டரிலா, சிபியுவிலா?

கீழ்க்காணும் நான்கு சோதனைகளுக்கும் ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. யாரும் செய்யலாம்.

1. மானிட்டரில் உள்ள மெனு பட்டனை அழுத்துங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் போன்றவற்றை மாற்றும் கட்டம் திரையில் தோன்றும். இந்தக் கட்டத்தை உருவாக்குவது மானிட்டரே. விண்டோஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோடு இந்தக் கட்டத்தின் மீதும் ஓடினால் சந்தேகம் மானிட்டர் மீதுதான்.

2. சிபியுவிலிருந்து வரும் எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ கேபிளை மானிட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். பவர் கேபிள் மட்டும் இருக்கட்டும். திரையில் 'நோ சிக்னல்' என்பது போன்ற செய்தி சில விநாடிகள் வரும். சிபியுவே இணைக்கப்படாத இந்த நிலையிலும் கோடு தெரிந்தால், குற்றம் சிபியுவுடையது அல்ல.

3. மறுபடி கேபிளை இணைத்து, பிரிண்ட் ஸ்க்ரீன் கீயை அழுத்தி, பெயிண்ட் புரோகிராமில் பேஸ்ட் செய்து சேமியுங்கள். இந்தப் படத்தை அதே மானிட்டரில் பார்க்காதீர்கள். பார்த்தால் கோடு படத்தில் இருப்பது போலவே தோன்றி உங்களை ஏமாற்றும். செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால், விண்டோஸ் சரியான படத்தைத்தான் உருவாக்குகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கேபிளில், டிஸ்ப்ளே கார்டில் அல்லது மானிட்டரில்தான் கோளாறு.

4. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் சிபியுவை அதனுடன் இணைத்துப் பாருங்கள். கோடு டிவியிலும் வந்தால் பழுது சிபியுவில் அல்லது கேபிளில். வராவிட்டால் மானிட்டரில். முடிந்தால் கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நான்கு சோதனைகளும் மானிட்டரையே காட்டின. டிவியில் திரை சுத்தமாகத் தெரிந்ததும், முதல் வேலையாக ப்ராஜக்டை ஒரு பென் டிரைவில் காப்பி செய்தோம். மீதி வேலையை மகள் டிவியிலேயே முடித்தாள். மறுநாள் வந்த பையனுக்கு போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "ஆமா சார், இது பேனல் ப்ராப்ளம்தான்" என்று ஒப்புக்கொண்டான்.

கோடு ஏன் வருகிறது?

ஃபுல் எச்டி திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 என 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் மின் சைகை அனுப்பும் சிறிய சிப்கள் பேனலின் ஓரத்தில் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் அவற்றைக் கண்ணாடியுடன் இணைக்கின்றன. அந்த இணைப்பு விட்டுப்போனால் ஒரு வரிசை முழுவதும் ஒரே நிறத்தில் நின்றுவிடும். அதுதான் நாம் பார்க்கும் கோடு. இதை எந்த சாஃப்ட்வேராலும் சரிசெய்ய முடியாது.

ஓரத்தை விரலால் அழுத்தினால் சில நேரம் கோடு மறையும். அழுத்தாதீர்கள். திரையில் விரிசல் விழுந்தால் உடைந்த பொருளுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். பின்மூடியைத் திறக்கவும் கூடாது. வாரண்டி போவதுடன், உள்ளே உள்ள பவர் சப்ளையில் கரண்டை நிறுத்திய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

திரை முழுவதும் இருட்டாக இருந்தால்?

பவர் விளக்கு எரிகிறது, ஆனால் திரை கறுப்பாக இருக்கிறதா? அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் திரை மீது சாய்வாக அடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் பழுது. இதுவும் வாரண்டியில் வரும் பழுதுதான். ஒன்றுமே தெரியாவிட்டால் கேபிளையும் சிபியுவையும் சோதியுங்கள். தனி டிஸ்ப்ளே கார்டு உள்ள சிபியுவில், கேபிளை மதர்போர்டு பக்கம் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தவிப்பவர்கள் பலர்.

வாரண்டியில் நான் செய்த தவறு

மானிட்டருக்கான வாரண்டியைத் தருவது கடைக்காரர் அல்ல, தயாரித்த நிறுவனம். ஆகவே நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்குப் பேசினேன். மானிட்டரின் பின்புறம் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணைக் கேட்டார்கள். சொன்னேன். அடுத்து பில்லைக் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் அது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது!

காரணம், அது வெப்பத்தால் அச்சாகும் தாள். வெளிச்சமும் சூடும் பட்டால் எழுத்து மறைந்துவிடும். நான் அதை டிவிக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்திருந்தேன். பில் இல்லாவிட்டால் தயாரித்த தேதியிலிருந்து வாரண்டியைக் கணக்கிடுவோம் என்றார்கள். அப்படிக் கணக்கிட்டால் நான்கு மாதத்தை இழந்திருப்பேன். கடைக்காரர் நல்ல மனிதர். தன் கம்ப்யூட்டரில் தேடி, சீரியல் எண்ணுடன் பில் நகலை அச்சிட்டுக் கொடுத்தார்.

அதனால் வாங்கிய அன்றே பில்லைப் போனில் படமெடுத்து, இமெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வாரண்டி எத்தனை ஆண்டு, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் எடுத்துச் செல்ல வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

மாற்று மானிட்டர் வந்தபோது

புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். கோடு தெரியும் படத்தையும் ஒரு சிறு வீடியோவையும் அனுப்பினேன். 6ஆம் நாள் என்ஜினீயர் வந்து பார்த்தார். 13ஆம் நாள் வேறு மானிட்டர் வந்தது. கையெழுத்துப் போடுமுன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுவதும் வைத்துப் பார்த்தேன். கறுப்பில், ஒரு மூலையில் மட்டும் பச்சைப் புள்ளி ஒன்று மின்னியது!

"தம்பி, இது என்ன?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக வாரண்டி அட்டையைக் காட்டினார். ஓரிரு புள்ளிகளைப் பழுதாகக் கருத மாட்டோம் என்று அதில் அச்சாகியிருந்தது. 8 மாதமாக அதை நான் படிக்கவே இல்லை. இதற்கு உலகத் தர அளவும் உண்டு. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2, இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எரியாத புள்ளி 2 வரை அனுமதித்தது. 2008இல் ஐஎஸ்ஓ 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்தது. நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி விதியும் வைத்திருக்கின்றன. புள்ளியைச் சர்வீஸ் தாளில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டேன். பின்னாளில் புள்ளிகள் கூடினால் அந்தத் தாள் உதவும்.

இன்னொன்று. மாற்று மானிட்டருக்குப் புதிதாக மூன்றாண்டு வாரண்டி கிடைக்கவில்லை. பழைய மானிட்டரில் மிச்சமிருந்த காலம் மட்டுமே தொடர்ந்தது. புதிய சீரியல் எண் தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்னை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் செல்ல வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில், புகார் எண், சர்வீஸ் தாள் ஆகியவற்றைத்தான்.

என் மகளின் ப்ராஜக்ட் குறித்த நாளில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பச்சைப் புள்ளி இன்னும் மூலையில் இருக்கிறது. உங்கள் திரையில் நாளை ஏதாவது தெரிந்தால், ஃபார்மட் செய்யச் சம்மதிக்குமுன் மெனு பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.