பழைய படகு மோட்டார் திணறினால்

நாட்டுப் படகில் பொருத்திய பழைய அவுட்போர்டு மோட்டார் திணறி ஓடினால், உடனே கார்புரேட்டரைக் கழற்றுவது முறையன்று. எளிய சோதனைகளை முதலிற் செய்தல் வேண்டும்.

முதலாவது எரிபொருள். டாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால், மோட்டார் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின்னர் நின்றுவிடும். வடிகட்டியில் தண்ணீர் தென்பட்டால் டாங்கியைச் சுத்தம் செய்து புதிய எரிபொருள் நிரப்புக. டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கேட்பதும் உண்டு. 25க்கு 1 கேட்பதும் உண்டு. கையேட்டிற் கண்ட அளவே சரியானது.

இரண்டாவது பிளக். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒரு பிளக் மட்டும் ஈரமாயிருப்பின், அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று கொள்ளலாம். புதிய பிளக் மாற்றியும் பொறி வராவிடில், பழுது காயிலிலோ கம்பியிலோ இருக்கக்கூடும்.

மூன்றாவது குளிர்நீர். மோட்டார் ஓடும்போது பக்கத்துளையில் நீர் பீய்ச்சுதல் வேண்டும். அது நின்றால் மோட்டாரை உடனே நிறுத்துக. துளையில் உப்பு அடைத்திருக்கலாம். அன்றி, நீரேற்றும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

இவை யாவும் சரியாயிருந்தும் திணறல் தீராவிடில், அப்போது கார்புரேட்டரையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் மெக்கானிக்கிடம் காட்டுக.

கரை திரும்பியதும் மோட்டாரை நன்னீரில் ஓட்டிக் கழுவுக. நடுக்கடலில் மோட்டார் நின்றால் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே சோதனைகளைக் கரையிலேயே முடித்து, துடுப்பும் உடன் கொண்டு செல்லுதல் அவசியம்.