எகிப்தில் குலா: மணவிலக்கு பற்றிய மனமாற்றம்

திருமணத்தை இருவர் மனமிசைந்து செய்துகொள்ளும் உறுதிமிக்க ஒப்பந்தமாகக் காண்பது இஸ்லாம். இசைவு முற்றிலும் அழிந்தபின் விலகும் வழியையும் ஷரீஅத் காட்டியுள்ளது. கணவன் சொல்வது தலாக். மனைவி மஹரைத் திருப்பித் தந்து வேண்டிப் பெறுவது குலா. அரபியில் இச்சொல்லின் அடிப்படைப் பொருள் ஆடையைக் களைதல் என்பதாகும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடையெனத் திருக்குர்ஆன் (2:187) உவமிப்பதை நினைந்தால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் ஒழுக்கத்திலோ மார்க்கப் பற்றிலோ குறை கூறாமல், அவருடன் வாழ மனம் ஒப்பவில்லை என்று மட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் செய்து, அவரை நாயகம் (ஸல்) அவர்கள் விடுவித்தார்கள்.

பிற்காலத்திலோ, கணவன் உடன்பட்டாலன்றிக் குலா கைகூடாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்தாயிற்று. எகிப்தின் 1929ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி தனக்கு நேர்ந்த தீங்கை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். வீட்டினுள் நிகழும் கொடுமைக்குச் சாட்சி யார்? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1975இல் வெளிவந்த ‘உரீது ஹல்லன்’ என்னும் எகிப்தியத் திரைப்படம் இவ்வவலத்தை நாடறியச் செய்தது.

2000ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டம் இந்நிலையை மாற்றியது. மஹரைத் திருப்பித் தந்து, தனக்குரிய பொருளுரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் மனைவிக்கு, கணவன் இசையாவிடினும் நீதிமன்றம் குலா வழங்கும். அதற்குமுன் இரு நடுவர்கள் மூன்று மாதத்திற்கு மிகாமல் சமரசம் முயல்வர். குழந்தைகளின் வளர்ப்புரிமையையோ பராமரிப்புத் தொகையையோ குலாவுக்கு விலையாக்கலாகாது. குடும்பங்கள் சிதையும் எனப் பலர் எதிர்த்தனர். 2002இல் உச்ச அரசமைப்பு நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அங்கு நீதிமன்றத் தீர்ப்பால் அமையும் மணவிலக்குகளுள் பெரும்பான்மை குலாவே என அரசுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன.

இதனை இளையோரின் மார்க்கப் பிடிப்பின்மை எனல் பொருந்துமா? பொருந்தாது. அவர்கள் நாடுவது மார்க்கம் தந்த வழியையே. குற்றம் யாருடையது என்ற வினா பின்தங்கி, இருவரும் இணைந்து வாழ இயலுமா என்ற வினா முன்வந்துள்ளது. மனமாற்றம் என்பது இதுவே.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. கொடுமைக்கு ஆளானவளும் தன் விடுதலைக்கு விலை தர நேர்கிறது. கைப்பொருளற்ற பெண்ணுக்கு அவ்விலை பெரிது. ஆகவே பெண்ணுக்குக் கல்வியும் வருவாயும் இன்றியமையாதன. இரு குடும்பத்தாரினின்றும் நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆன் (4:35) பணிப்பதைப் பெரியோர் தக்க காலத்தே நிறைவேற்றுவதும் அவ்வாறே. இணைத்து வைக்க முயல்வது அறம்; இணைய இயலாதவிடத்து நன்முறையில் விலக வழிவிடுவதும் அறமேயாம்.