கம்பெனி காருக்கு எவ்வளவு வரி?

ஜோகுபாளையத்திலிருந்து கம்பெனி காரில் ஆபீஸ் போகிறவரா? 2025-26 கணக்கை இப்படிச் சரிபாருங்கள்.

1. ஃபாரம் 16-உடன் ஃபாரம் 12பிஏ-வையும் கேட்டு வாங்குங்கள். சலுகைகளின் மதிப்பு அதில்தான் இருக்கும்.

2. ஆர்.சி.யில் என்ஜின் அளவைப் பாருங்கள். செலவைக் கம்பெனி ஏற்று, சொந்த வேலைக்கும் ஓட்டினால், 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய், டிரைவர் இருந்தால் இன்னும் 900 ரூபாய் சம்பளத்தோடு சேரும். அந்தத் தொகைக்குத்தான் வரி. அதுவே வரி என்று பயந்து காரை மறுத்துவிடாதீர்கள்.

3. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் மட்டும் போய்வந்தும் தொகை ஏறியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பயணத்துக்கு வரி கிடையாது.

4. முழுக்க அலுவல் பயணமா? தேதி, ஊர், கிலோமீட்டர் எழுதி வையுங்கள். பதிவும் கம்பெனி சான்றும் இல்லாமல் விலக்கு கிடைக்காது.

5. காரோடு, கம்பெனி தந்த தீபாவளி வவுச்சர்களையும் கூட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால் வரியில்லை.