உங்க வெப்சைட் சாவி யார் கையில இருக்கு? எஸ்.எஃப்.டி.பி. வழியா ஃபைல் மாத்துவது எப்படி

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்செலின் டயர் ஆலை மாதிரி பெரிய கம்பெனிகள் இருக்கு. அந்தப் பக்கம் வேன் வாடகை, கேன்டீன், லேத் பட்டறைன்னு தொழில் பண்றவர் ஒரு வெப்சைட் வச்சிருக்கார்னு வைங்க. விலைப்பட்டியலை மாத்தணும்னா டிசைனருக்கு போன் போடணும். ஒரு தடவைக்கு 300 ரூபாய், மாசம் 2 தடவைன்னா வருஷத்துக்கு 7,200 ரூபாய். பத்து நிமிஷ வேலைக்கு இது தேவையா?

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. சைட்ல இருக்கிற பேங்க் கணக்கு எண்ணை யாராவது மாத்திட்டா, கஸ்டமர் அனுப்புற பணம் வேற கணக்குக்குப் போயிடும். அதனால பாஸ்வேர்டு உங்க கையில இருக்கணும்.

எஃப்.டி.பி.யா, எஸ்.எஃப்.டி.பி.யா?

எஃப்.டி.பி. முறையை 1971-ல் முதலில் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண். அந்த முறையில் பாஸ்வேர்டு திறந்த தபால் கார்டு மாதிரி போகும். வழியில இருக்கிறவங்க படிச்சிடலாம். 1995-ல் ஃபின்லாந்தில் டாட்டு யூலோனென் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். இந்தக் குறையைத் தீர்த்தது. அதன் மேல ஓடுறதுதான் எஸ்.எஃப்.டி.பி. இது ஒட்டின கவர் மாதிரி.

செய்ய வேண்டியது

1. ஹோஸ்டிங் கம்பெனியின் கன்ட்ரோல் பேனலில் சர்வர் பெயர், யூசர் நேம், போர்ட் எண்ணைக் குறிச்சுக்கோங்க. போர்ட் வழக்கமா 22. சில கம்பெனிகள் வேற எண் தரும். எஸ்.எஸ்.எச். அனுமதியை ஆன் பண்ணச் சொல்லிக் கேட்க வேண்டியும் வரலாம்.
2. ஃபைல்ஜில்லாவை அதன் சொந்த சைட்ல இருந்து மட்டும் இறக்குங்க. இது இலவசம்.
3. சைட் மேனேஜரில் எஸ்.எஃப்.டி.பி.யைத் தேர்ந்தெடுத்து விவரங்களைப் போடுங்க. முதல் தடவை ஒரு கைரேகை எண் காட்டும். அதை ஹோஸ்டிங் கம்பெனி தர்ற எண்ணோட ஒப்பிடுங்க. பின்னால அது மாறியிருக்குன்னு எச்சரிக்கை வந்தா, உள்ளே போகாம முதல்ல கம்பெனியைக் கேளுங்க.
4. இடது பக்கம் உங்க கம்ப்யூட்டர், வலது பக்கம் சர்வர். சி-பேனல் சர்வர்ல சைட் ஃபைல்கள் "பப்ளிக் எச்டிஎம்எல்" ஃபோல்டரில் இருக்கும்.
5. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி பழைய ஃபைலை இறக்கி வைங்க. மேலெழுதின ஃபைலைத் திரும்ப எடுக்க அங்க குப்பைத்தொட்டி கிடையாது.
6. புது ஃபைலுக்கும் அதே பெயர் வைங்க. லினக்ஸ் சர்வர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே லிங்க் உடையும்.

ஷேர்டு சர்வர்னா கூடுதல் கவனம்

ஒரே சர்வர்ல பலரோட சைட்டும் இருக்கும், அபார்ட்மென்ட் மாதிரி. ஃபைல் அனுமதி 644, ஃபோல்டர் 755 போதும். "வேலை செய்யல"ன்னு 777 போட்டா வீட்டுக் கதவைத் திறந்து வச்ச மாதிரி.

டிசைனருக்கு வேலை கொடுக்கிறப்போ முக்கிய பாஸ்வேர்டைத் தராதீங்க. சி-பேனலில் ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனி எஃப்.டி.பி. கணக்கு திறக்கலாம். டி.எல்.எஸ். பாதுகாப்போட மட்டும் இணையச் சொல்லுங்க. வேலை முடிஞ்ச அன்னைக்கே கணக்கை நீக்கிடுங்க.

இன்னைக்கே ஒரு வேலை: ஹோஸ்டிங், டொமைன் ரெண்டும் யார் இமெயில்ல பதிவாகியிருக்குன்னு பாருங்க. உங்க இமெயில் இல்லேன்னா, முதல்ல அதை மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.